கடல் தின்னும் இரும்பும் வள்ளல் அழகப்பரும்

ஜொகூர் மாநிலத்தின் தெற்கு எல்லையில் தெப்ராவ் நீரிணை ஓடுகிறது. தெப்ராவ் ஆறு வந்து கலப்பதும் இந்த நீரிணையில்தான். அதன் கரையில் நிற்பவர் கண்ணில் முதலில் படுபவை கப்பல்களும் உயர்ந்த பாரந்தூக்கிகளுமே. சற்று உற்று நோக்கினால் இன்னொன்றும் தெரியும். இறங்குதுறைகளைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண்களில், கடல்நீர் ஏறி இறங்கும் மட்டத்திற்குச் சற்று மேலே, செம்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். அதைச் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அதுதான் துரு. கடல் இரும்பை மெல்ல மெல்லத் தின்று வருவதன் அடையாளம் அது.

இரும்பைக் கடலிடமிருந்து காக்கும் முயற்சி உலகெங்கும் நடந்து வருகிறது. அம்முயற்சியின் வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயரும் இடம்பெற்றுள்ளது. அவர் அறிவியலாளர் அல்லர், பொறியாளரும் அல்லர். ஆங்கில இலக்கியம் பயின்றவர். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த வணிகர். அவர்தாம் வள்ளல் அழகப்ப செட்டியார்.

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியில், காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. அவர் பிறந்த நகரத்தார் சமூகம் கடல் கடந்து வணிகம் செய்வதில் பெயர் பெற்றது. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. அங்குச் சம்மணமிட்டு அமர்ந்து, சிறு மேசைமேல் கணக்கேட்டை விரித்து, கடன் கொடுத்து வாங்கும் தொழிலை அவர்கள் நடத்தினர். அக்காலத்தில் அச்சமூகத்துச் சிறுவன் ஒருவன் எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டால் போதும். மீசை அரும்புவதற்குள் கப்பலேறிவிடுவான். கல்லூரிப் படிப்பைப் பற்றி எண்ணியவர் மிகச் சிலரே.

அழகப்பர் அந்தச் சிலருள் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நகரத்தார் சமூகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். லண்டன் சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். அத்துடன் நில்லாமல், விமானம் ஓட்டவும் கற்று உரிமம் பெற்றுக்கொண்டார். முன்னோர் கப்பலேறிப் போன வழியில் இவர் வானேறிப் போக விரும்பினார் போலும்.

நாடு திரும்பியதும் வணிகத்தில் இறங்கினார். அவருடைய தொழில்களின் பட்டியல் நீண்டது. கேரளத்தில் நெசவாலை, மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், கல்கத்தாவில் காப்பீட்டு நிறுவனம், பம்பாயில் தங்கும் விடுதி, சென்னையில் திரையரங்கு எனப் பல துறைகளில் அவர் கால் பதித்தார். சொந்தமாக ஒரு விமான நிறுவனமும் நடத்தினார். ஆங்கிலேய அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. நாற்பது வயதை எட்டுவதற்கு முன்பே இந்தியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார். அச்செல்வத்தில், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளர்களின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறப்பதற்கில்லை.

செட்டிநாட்டில் கொடை புதியதன்று. பொருள் ஈட்டியோர் கோயில்களுக்குத் திருப்பணி செய்தனர், சத்திரம் கட்டினர், ஊருணி வெட்டினர். அழகப்பர் அவ்வழக்கத்தை வேறு திசையில் திருப்பினார். அவர் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் கல்விக்கே. 1944-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைய அவர் 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி என்று அவர் பெயரிலேயே அது இன்றும் கிண்டியில் இயங்கி வருகிறது.

1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அங்கு உரையாற்றினார். நாடு விடுதலை பெறப் போகிறது. அரசு மட்டுமே எல்லாக் கல்லூரிகளையும் கட்டிவிட இயலாது. செல்வர்கள் முன்வர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். இத்தகைய அறிவிப்புகள் பல, கைதட்டலோடு முடிந்துவிடுவது உண்டு. இது அவ்வாறு ஆகவில்லை. அடுத்த மாதமே, இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கிவிட்டன. சொந்தக் கட்டடம் பின்னரே எழுந்தது.

விடுதலை பெற்ற இந்தியா அப்போது வேறொரு திட்டத்தையும் தீட்டிக்கொண்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவ வேண்டும் என்பதே அது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த சாந்தி சுவரூப் பட்நாகர் அப்பணியை முன்னின்று நடத்தினார். இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, உலோகவியலுக்கு ஒன்று என வரிசையாகத் திட்டமிடப்பட்டபோது, மின்வேதியியலுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் தேவை என முடிவாயிற்று. அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பர் விரும்பினார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக அவர் முன்வந்தார். அந்நாளில் அது மிகப் பெரிய தொகை.

ஆய்வுக்கூடம் சென்னையிலோ பம்பாயிலோ அமைந்திருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். துறைமுகமும் தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. காரைக்குடியோ வறண்ட செம்மண் பூமி. மழை குறைவு, ஆறும் இல்லை. ஊருணி நீரை நம்பி வாழ்ந்த ஊர். கடலும் அருகில் இல்லை. அங்கே உயர்நிலை அறிவியல் ஆய்வு நடக்கும் என்று எண்ணிப் பார்க்கவே துணிவு வேண்டும். அத்துணிவு ஒரு வணிகருக்கு இருந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

மின்வேதியியல் என்பது யாது? மின்சாரத்திற்கும் வேதி மாற்றத்திற்கும் உள்ள உறவை ஆராயும் துறை அது. மின்கலம் அதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. வெள்ளி முலாம் பூசுவதும், தாதுவிலிருந்து அலுமினியம் பிரித்தெடுப்பதும் அதனுள் அடங்கும். இரும்பு துருப்பிடிப்பதும் அத்துறையைச் சேர்ந்ததே என்பது பலருக்கும் வியப்பளிக்கும். துருவை ஈரத்தால் வரும் அழுக்கு என்றே பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் துருப்பிடிக்கும் ஓர் ஆணியில், கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

இரும்பின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடன் இருப்பதில்லை. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனிகளாக மாறி நீரில் கரைகின்றன. விடுபட்ட எலெக்ட்ரான்கள் இரும்பின் வழியே வேறோர் இடத்திற்குச் செல்கின்றன. அங்கே காற்றிலிருந்து நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. இவ்விரண்டு செயல்களாலும் விளையும் பொருள்கள் ஒன்றுசேர்ந்து, மேலும் ஆக்சிஜனுடன் கூடித் துருவாகின்றன. சுருங்கச் சொன்னால், ஒரே இரும்புத் துண்டு தனக்குள்ளேயே சிறு சிறு மின்கலங்களாகப் பிரிந்து தன்னைத் தானே கரைத்துக்கொள்கிறது.

நன்னீரிலும் இது நிகழும். ஆனால், கடல்நீரில் மிக விரைவாக நிகழும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். மேலும், உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின்மேல் இயல்பாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தை உடைத்துவிடும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் இரும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கரைகிறது. அலை தெறிக்கும் பகுதியில் அந்த இழப்பு பல மடங்கு ஆகிறது. அங்கே உப்புநீர் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் தடையின்றிக் கிடைக்கிறது. படிந்த துருவையும் அலை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தூணின் அடிப்பகுதியைவிட, நீர்மட்டத்திற்குச் சற்று மேலுள்ள பகுதியே முதலில் மெலிவதற்குக் காரணம் இதுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பு நுண்துளைகளின் வழியே உள்ளே இறங்கிவிடும். துருவோ தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. கடற்கரை ஊர்களில், கூரையிலிருந்து சிமெண்டு பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் பழைய கட்டடங்களைப் பார்த்திருப்போம்.

இதற்கு ஒரு மருந்தும் மின்வேதியியலிலிருந்தே கிடைத்தது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலாளர், கப்பலின் அடியில் அடிக்கப்படும் செப்புத் தகடுகளைக் காக்க வழி தேடினார். செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறிதளவு சேர்த்துப் பொருத்தினால், கரைவது அந்தச் சிறு துண்டே. செம்பு தப்பித்துக்கொள்கிறது என்று கண்டார். இன்று எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இம்முறையில்தான். அவை கரைந்து தீர்ந்ததும் புதியவற்றை மாற்றுவார்கள். ஒன்றைக் காக்க இன்னொன்று தன்னை அழித்துக்கொள்வதால், அத்துண்டுக்குத் தியாக முனை என்றே பெயர் வழங்குகிறது.

அடிக்கல் நாட்டிய பின் கட்டடம் எழ நான்கரை ஆண்டுகள் ஆயின. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் காலத்தில், அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்து வைத்தார். சுற்றுவட்டார மக்கள் அதைச் சிக்ரி என்று சுருக்கமாக அழைக்கலாயினர். மின்கலம், மின்முலாம், உலோகப் பிரிப்பு ஆகியவற்றுடன் உலோக அரிமானமும் அங்கே ஆய்வுப் பொருளாயிற்று.

அழகப்பரின் கொடை அத்துடன் நின்றுவிடவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பலதொழிற் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, குழந்தைகளுக்கான பள்ளி என ஒரு பத்தாண்டுக்குள் காரைக்குடியில் ஒரு கல்வி நகரமே உருவாயிற்று. மகளிர் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது, கோட்டையூரில் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார். எஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. இருப்பதையே கொடுப்பது வேறு வகை. அழகப்பர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இவ்வளவும் அவர் நல்ல உடல்நலத்துடன் இருந்து செய்தவை அல்ல. நெடுங்காலமாக நோய் அவரை வாட்டி வந்தது. செல்வமும் முன்போல் பெருகவில்லை. ஆயினும், அவர் தொடங்கிய கல்வி நிறுவனங்களை நோயோ பண நெருக்கடியோ நிறுத்திவிடவில்லை. இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் மறைந்தபோது சிக்ரி நான்கு வயதுக் குழந்தை. கடலரிமானம் பற்றி அது செய்த பணிகளுள் பலவற்றை அவர் காணவில்லை. ஆய்வாளர்கள் காரைக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மண்டபம் கடற்கரையில் ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தனர். பிற்காலத்தில் தூத்துக்குடியிலும் கடல்சார் ஆய்வு மையம் உருவாயிற்று. மண்டபம் என்னும் பெயர் மூத்த தலைமுறையினர்க்குப் பழக்கமானது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்த முகாம் அங்குதான் இருந்தது. தாங்கள் தங்கிய கடற்கரையில் ஒரு நாள் இரும்புத் தகடுகளை வரிசையாகக் கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

அங்கு நடந்த சோதனை பார்வைக்கு மிக எளியது. இரும்பு, துத்தநாகம், அலுமினியம் போன்ற உலோகங்களைச் சிறு தகடுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றையும் துல்லியமாக எடை போட்டுக் குறித்துக்கொள்வார்கள். சட்டங்களில் பொருத்தி, வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் விட்டுவிடுவார்கள். மாதங்கள் கழித்து எடுத்துத் துருவை நீக்கி மீண்டும் எடை போடுவார்கள். குறைந்த எடைதான் கடல் தின்ற அளவு. வண்ணப்பூச்சு பூசிய தகடு எவ்வளவு தாங்கியது, பூசாதது எவ்வளவு தாங்கியது என்பதும் இவ்வாறே தெரியவரும். இத்தகைய அளவீடுகளை நாட்டின் பல இடங்களில் எடுத்து, எந்த ஊரில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படும் என்று காட்டும் அரிமான வரைபடத்தைச் சிக்ரி உருவாக்கியது. பாலமோ மின்கம்பமோ அமைக்கும் பொறியாளர்க்கு அது நல்ல துணை. இதில் பரபரப்பு ஒன்றும் இல்லை. பொறுமை ஒன்றே முதல்.

மண்டபத்தின் எதிரே இருப்பதுதான் பாம்பன். இந்தியப் பெருநிலத்தை இராமேசுவரம் தீவுடன் இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே உயரும். இருபுறமும் கடல், இடைவிடாத உப்புக்காற்று. உலகிலேயே இரும்பை மிக விரைவாக அரிக்கும் இடங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. நீருக்கு மேலே நிற்கும் அப்பாலத்தின் உத்திரங்களுக்குத் துத்தநாகக் கட்டி உதவாது. தியாக முனை வேலை செய்ய வேண்டுமானால், இரண்டும் ஒரே நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றில் நிற்கும் இரும்புக்குப் பூச்சு ஒன்றே கவசம். ஆகவே, துருவைச் சுரண்டுவதும் பூச்சுப் பூசுவதும் பாம்பனில் ஓயாத வேலையாக இருந்தன.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயல் அப்பாலத்தின் பெரும்பகுதி உத்திரங்களைக் கடலில் தள்ளியது. தனுஷ்கோடிக்குச் சென்ற ரயிலையும் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் பாலம் செப்பனிடப்பட்டது. ஒரே இரவில் புயல் செய்த சேதத்தை மனிதர் ஒன்றரை மாதத்தில் சரிசெய்துவிட்டனர். துரு செய்த சேதத்தை அவ்வாறு சரிசெய்ய இயலவில்லை. உயரும் நடுப்பகுதி நாளுக்கு நாள் வலுவிழந்ததால், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 108 ஆண்டுகள் உழைத்த பாலம் ஓய்வு பெற்றது.

அதன் அருகிலேயே புதிய பாலம் கட்டப்பட்டது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இடப்பட்டன, இணைப்புகள் பற்றவைக்கப்பட்டன, கடற்காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சு பூசப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி பிரியாமல், அப்படியே செங்குத்தாக மேலே உயரும். அப்பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அது அழகப்பரின் பிறந்த நாளும்கூட. நாள் பொருந்தியது தற்செயலே. திறந்த நாள் முதலே உப்புக்காற்று அதன்மீது வீசத் தொடங்கிவிட்டது.